சிரிக்கச் சிரிக்க யாவாரம் செய்த அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிக்குப் போய், சாப்பிட்டுக் கை கழுவி எழும்பும்போது கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் ஒன்று தருவார்கள். வீட்டுக்கு வந்து ஆறுதலாக விரித்துப் பார்த்தால் முன்பக்கத்தில் படம், அடுத்து இறந்த திதியைச் சொல்லுகிற திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். வாழ்க்கை வரலாற்றில் அநேகமாக இந்த ஒரு வரி இருக்கும்: "அன்னார் எல்லோருடனும் சிரித்துப் பழகும் பண்பாளர்." வருசக்கணக்காகச் சைக்கிள் கரியரில் புடவைக் கட்டு வைத்து, ரியூப் வாரால் இறுக்கிக் கட்டி, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் படலை படலையாகப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்த மனிசனுக்கு அந்த ஒரு வரிதான் மிஞ்சுகிறது. பெயரை மாற்றினால் அது இன்னொருவருடைய கல்வெட்டு. இது எனக்குப் பெரிய மனக்குறை. அதனால்தான் இன்றைக்கு, யாவாரம் செய்த ஒரு தகப்பனின் வாழ்க்கையை எப்படித் தேடி எடுத்து எழுதுவது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு ஆசிரியரோ அரசாங்க உத்தியோகத்தரோ இறந்தால் நியமனக் கடிதம் இருக்கும், இடமாற்றக் கடிதம் இருக்கும், ஓய்வூதியக் கோவை இருக்கும். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினாலே அரைவாசி வரலாறு வந்துவிடும். தெருத்தெருவாக விற்றவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் வன்னியில் இடப்பெயர்வுகள் கொண்டுபோய்விட்டன. அவருடைய வாழ்க்கை அவரிடம் சாமான் வாங்கிய வீடுகளில்தான் கிடக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது இரவு வீட்டுக்கு வந்த அப்பாவை. பகல் முழுக்க அவர் எப்படி இருந்தார் என்பது தருமபுரத்தில் ஒரு அக்காவுக்கும் விசுவமடுவில் ஒரு கடைக்காரருக்கும்தான் தெரியும்.

முதலில் நாட்கணக்கைப் பாருங்கள். 31 நாள் என்பது கேட்க நீளமாக இருந்தாலும் அச்சகத்துக்கு ஒரு கிழமை வேண்டும், பிழை திருத்த இரண்டு மூன்று நாள் வேண்டும். 20ஆம் நாள் எழுத்து முடிந்திருந்தால்தான் நிம்மதி. எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று சொந்தக்காரர் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கு 80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் சுற்றிவர விடுங்கள். "அப்பாவைப் பற்றி எழுதுங்கோ" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல மனிசன்" என்றுதான் எழுதுவார்கள். கேள்வியைச் சின்னதாக வையுங்கள்: அவர் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன? அவரிடம் கடைசியாக என்ன வாங்கினீர்கள்? விலை பேசும்போது என்ன சொல்லுவார்? இப்படிக் கேட்டால் ஆட்கள் தாங்களாகவே சிரிக்கத் தொடங்குவார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பேனையை நிறுத்தாமல் எழுதுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் 31ஆம் நாள் திருப்பலிக்கு முன்னர் செபத்துக்குக் கூடும் நாட்களில் இதைச் செய்யலாம்.

அடுத்தது கடன் கொப்பி. யாவாரியின் நாட்குறிப்பு அதுதான். எறிந்துவிடாதீர்கள், எரித்தும் விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர்மேலே நின்று போனில் படம் எடுங்கள். வன்னியில் கடன் கொப்பி வயலோடு சேர்ந்து நடக்கும். காலபோக நெல் வெட்டிச் சூடடிக்கிற தை, மாசி, பங்குனியில்தான் கடன் திரும்பி வரும். "சூடடிச்சுத் தாறன்" என்று சொன்ன வீடுகளின் கணக்கு அந்த மாதங்களில் கோடு போட்டு வெட்டுப்பட்டிருக்கும். மழை பிழைத்த வருசத்தில் வெட்டுப்படாத பக்கங்கள் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே அவர் யாரை நெருக்கவில்லை என்பது தெரியவரும். பெயருக்குப் பதிலாகக் "கிணத்தடி அக்கா", "புளியடி", "சிரிப்பு மாமி" என்று எழுதியிருப்பார். அந்தப் பெயர்களுக்குள்ளேயே பாதிப் பகிடி இருக்கிறது. யார் யாரென்று அம்மாவிடமோ அவரோடு யாவாரத்துக்குப் போய்வந்தவர்களிடமோ இப்போதே கேட்டு வையுங்கள்.

கொப்பியில் இரண்டு பக்கம் உண்டு: வரவேண்டியது, கொடுக்கவேண்டியது. கொள்முதல் செய்த கடைக்குக் கொடுக்கவேண்டியதை முதலில் தீருங்கள். வரவேண்டிய கடனில் ஒருவருடைய பெயரையும் கல்வெட்டில் போடாதீர்கள், பகிடிக்கும் வேண்டாம். அதை வாசிக்கிற வீடு வெட்கப்படும். அப்பா அதை விரும்பியிருக்க மாட்டார்.

பிறகு அவர் போன வழியில் ஒரு நாளாவது நீங்களும் போய்வாருங்கள். இதுதான் மிகவும் பயன் தருகிற வேலை, ஆட்கள் மிகவும் பஞ்சிப்படுகிற வேலையும் இதுதான். பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்காரர் என்றால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. மேற்குப் பக்கம் திரிந்தவர் என்றால் மல்லாவி, துணுக்காய், மாங்குளம். திருவிழாக் கடை போட்டவர் என்றால் வற்றாப்பளைப் பொங்கல், புளியம்பொக்கணைப் பொங்கல், ஆவணி மடுத் திருவிழா என்று நாட்காட்டியே அவருடைய வழி. பக்கத்துக் கடைக்காரர்களைத்தான் தேடவேண்டும். விதைப்பு நாளிலும் வெட்டு நாளிலும் வயல்காரர் வீட்டுக்குப் போகாதீர்கள். வெயில் தாழ்ந்த பின்னேரம் நல்லது. கையில் அப்பாவின் படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பெயரை மறந்தவர்கள் முகத்தை மறக்கவில்லை.

போனில் ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பதிவு முழுக்க ஒரே இரைச்சல்தான். போனை வெறும் மேசையில் வைக்காமல் ஒரு துவாயை மடித்து அதன் மேலே, பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்துக்குள் வையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் இடையில் அழைப்பு வந்து பதிவை அறுக்காது. தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் போதும். ஒரு மணித்தியாலப் பதிவைக் கேட்டு எழுத நாலைந்து மணித்தியாலம் எடுக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். வீட்டுக்கு வந்தவுடன் இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

வருசம் கேட்டால் ஒருவருக்கும் சரியாக வராது. இடப்பெயர்வை வைத்துக் கேளுங்கள். 1995 ஒக்ரோபர் வலிகாம இடப்பெயர்வுக்கு முன்னமா பின்னமா? 1996இல் கிளிநொச்சியை விட்டு எழும்பினபோது அவர் என்ன விற்றுக்கொண்டிருந்தார்? 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புக்குக் கொள்முதலுக்குப் போனாரா? 2004 கடல்கோளுக்குப் பிறகு, 2006இல் பாதை மூடின பிறகு, 2009க்குப் பிறகு? இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமுக்குள்ளும் யாவாரம் நடந்தது. அங்கே எதை, எப்படி விற்றார் என்று கேளுங்கள். பொருளாதாரத் தடைக்காலம் என்றால் கேள்வி இன்னும் நுணுக்கமாக இருக்கவேண்டும். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி இல்லை. ஜாம் போத்தல் விளக்கு எரித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு யாவாரி ஒரு வீட்டுக்குப் போனால் சாமானோடு சேதியும் போகும், சிரிப்பும் போகும். "அவர் வந்தால் என்ன சேதி கொண்டுவருவார்?" என்ற கேள்விக்குக் கிழவிகள் சொல்லுகிற பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள்.

இனிப் பகிடிக்கு வருகிறேன். பகிடியை எழுதுவது கடினம். "நகைச்சுவை உணர்வு மிக்கவர்" என்று எழுதினால் ஒருவரும் சிரிக்கப்போவதில்லை. யார் நின்றது, கையில் என்ன இருந்தது, அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன, இந்த மூன்றும் வேண்டும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: "சீத்தைத் துணியை இழுத்துப் பார்த்த ஆச்சி, 'தம்பி, சாயம் போகுமோ?' என்றா. 'போகும் ஆச்சி, நீங்கள் எங்க போறியளோ அங்க உங்களோடயே வரும்' என்றார்." அவ்வளவுதான். அதற்குக் கீழே "இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தனர்" என்று எழுதாதீர்கள். பகிடி அந்த இடத்திலேயே செத்துப்போகும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கவும் வேண்டாம். "போறியளோ" என்பதைப் "போகிறீர்களோ" என்று திருத்துகிற ஆசிரியர்மார் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் திதி வெண்பாவைத் திருத்தக் கொடுங்கள், பகிடிப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒரே பகிடியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், யாரைப் பார்த்து அவர் அதைச் சொன்னாரோ அவர் சொல்லுகிற விதத்தை எடுங்கள். ஒருவருடைய உடம்பையோ சாதியையோ குத்துகிற பகிடி என்றால் விட்டுவிடுங்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அவர் கூவி விற்ற குரலும் முக்கியம். இப்போது பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, ஐஸ்கிரீம் வானும் அப்படித்தான். முந்தின யாவாரிகளுக்குத் தொண்டைதான். அந்தக் கூவலை அச்சொட்டாகச் செய்துகாட்ட ஊரில் ஒரு பெடியன் கட்டாயம் இருப்பான். அவனைக் கூப்பிட்டுப் பதிவுசெய்யுங்கள். எங்கே இழுத்தார், எங்கே வெட்டினார் என்று கேட்டு, "புடவைஐஐ" என்று நீட்டியே எழுதுங்கள். முழக்கோல், கத்தரிக்கோல், தராசு, படிக்கற்கள் எது மிஞ்சியிருந்தாலும் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். பழைய புடவைக்காரர் 'யார்' என்ற அளவில்தான் அளப்பார்கள். 1 யார் 36 அங்குலம். பேரப்பிள்ளைகளுக்கு 'யார்' என்றால் என்னவென்றே தெரியாது, அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிறந்த தேதி தெரியாமல் தடுமாறுகிற குடும்பங்கள் பல. பழைய அடையாள அட்டை இலக்கம் எங்காவது எழுதியிருந்தால் போதும். முதல் 2 இலக்கம் பிறந்த வருசம், அடுத்த 3 இலக்கம் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கணக்கிடவேண்டும். 52214 என்று தொடங்கினால் 1952 ஓகஸ்ட் 1. இது அட்டையில் பதிந்த தேதி. பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் அதை நம்புங்கள். திதியில்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். நாட்காட்டியில் அன்றைக்குப் போட்டிருக்கும் திதியை அப்படியே எழுதிவிடுவார்கள். திதி பகலிலும் மாறும், நடுச்சாமத்திலும் மாறும். உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லிக் குருக்களிடம் கேளுங்கள். ஆண்டுத் திவசமும் அதை வைத்துத்தான் வரும். காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனைப் பற்றி எழுதுகிற பிள்ளைகள், முடிவுத் தேதி ஒன்றையும் போடாமல் வாழ்க்கையை மட்டும் எழுதலாம். அந்த இடத்தை நிரப்பச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

படத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களைக் கேளுங்கள். இங்கே அழிந்த கலியாணப் படத்தின் ஒரு பிரதி கனடாவிலோ சுவிசிலோ ஒரு அல்பத்தில் இருக்கும். வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் மங்கிப்போகும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கான் செய்வதென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி.

அச்சகத்தில் ஏ4 தாளை மடித்துத்தான் புத்தகம் கட்டுவார்கள், ஆகவே பக்கம் 4இன் மடங்காக வரவேண்டும். 24 பக்கத்துக்கு 6 தாள். நீங்கள் போனில் யூனிகோடில் எழுதியதை அங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் குலையும். கொம்பும் அரவும் இடம்மாறும், "ஸ்ரீ" காணாமல் போகும். கணினித் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். அச்சடித்த தாளை வாங்கி, ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்த்துத் திருத்தவேண்டும். வம்சாவழியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்பிக் காட்டுங்கள். ஒரு மருமகன் பெயர் விடுபட்டால் வருசக்கணக்கில் கதை நிற்கும். அச்சகத்தில் ஆயத்தமாக வைத்திருக்கும் புலம்பல் பாட்டுகளில் ஒன்றைக் குறைத்து, அந்த 2 பக்கத்தை அப்பாவின் சொந்தச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் அப்படியே இருக்கட்டும். முடிந்த பிறகு பிடிஎவ் பிரதி ஒன்றை இணையத்தில் இருக்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் அவர்கள் சேர்த்து வருகிறவற்றில் நினைவு மலர்களும் இருக்கின்றன.

பின்னட்டைக்கு முன்னால் ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். அந்தியேட்டிப் பந்தியில், இலைக்கு முன்னால் இருந்து யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "இதை எழுதேல்லையே, ஒருநாள் முறிகண்டியில கச்சான் வாங்கேக்க அவர் என்ன சொன்னவர் தெரியுமோ..." பேனை கிட்ட இருக்கட்டும்.

வணக்கம்.