பழைய தெருப் படங்களில் ஆட்கள் எங்கே போனார்கள்?

சரி, அடுத்த கேள்வி களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "1800களில் எடுத்த நகரத் தெருப் படங்களில் தூணும் குவிமாடமுமாகப் பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன, தெருவில் ஒரு சனமும் இல்லை. அழிந்துபோன ஏதோ நாகரிகம் கட்டிய நகரங்கள் அவை, கட்டடங்களில் இருப்பதெல்லாம் அவர்களுடைய ரகசியக் குறிகள் என்கிறார்களே, உண்மையா அண்ணா?"

இல்லை தம்பி. சனம் இருந்தது, கமெராவில்தான் அகப்படவில்லை. படம் பிடிக்கும் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டகேர் 1838இல் பாரிஸில் எடுத்த தெருப் படத்தைத் தேடிப் பாருங்கள். வண்டியும் குதிரையும் ஓயாத வீதி அது, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். தகட்டில் உருவம் பதியப் பல நிமிடம் பிடித்த காலம். நடந்தவர், ஓடிய வண்டி எதுவும் பதியவில்லை. ஆனால் இடது பக்கம் கீழே பெரிதாக்கிப் பார்த்தால் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நிற்பார். சப்பாத்துத் துடைக்கக் கொடுத்திருக்கிறார். அசையாமல் நின்ற புண்ணியத்தில் அவர் படத்தில் விழுந்துவிட்டார்!

அப்புறம் 1859 அளவில் நொடிப்பொழுதில் எடுக்க வழி வந்ததும், நியூயோர்க் பிராட்வே படங்களில் வண்டியும் சனமுமாக நெரிகிறது. சுமார் இருபது வருடத்துக்குள் அவ்வளவு பேரும் வானத்திலிருந்தா இறங்கினார்கள்? இடைப்பட்ட காலத்துப் படங்களில் தெருவில் புகை மாதிரி ஒரு கீற்றுத் தெரிந்தால், அது நடந்துபோன ஆள்தான்.

குறிகள் என்றீர்களே, அவை இருக்கின்றன. ஆனால் ஊரறியச் சொல்வதற்கே வைத்தவை. பிலடெல்பியாவில் 1824இல் கட்டி முடித்த வங்கிக்கு ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலைப் பார்த்து முகப்பு வைத்தார்கள். வரைந்தவர் வில்லியம் ஸ்ட்ரிக்லாண்ட். கோயிலைப் போல நிற்கிற இடத்தில் காசைப் போடச் சனம் பயப்படாது, அவ்வளவுதான் கணக்கு.

அவ்வளவு தூரம் போவானேன், நம் தெற்கில் காலி நகரத்துக் கோட்டையின் பழைய வாசலுக்குப் போய்ப் பாருங்கள். உட்பக்கம் ஒல்லாந்து (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்று வருடம். வெளிப்பக்கம் பிரித்தானிய முடியின் சின்னம். பின்னால் வந்தவன் தன் சின்னத்தை, உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் பதித்திருக்கிறான். நம்முடைய மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையும் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியும் பல காலம் அதே மதிலுக்குள்தான் இருந்தது. ஆளுகிறவர் மாறினாலும், மனுவோடு சனம் போய் நின்ற வாசல் மாறவில்லை.

நீங்கள் பார்த்த படத்தை அனுப்பிவிடுங்கள் தம்பி. எந்த வருடம், எந்த ஊர் என்று பார்த்து அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.