அப்பாவுக்கு ஃபெரிட்டின் 486, தோசைக்கல் பரணில்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று அப்பாவுடையது, ஜனவரியில் எடுத்தது. இன்னொன்று அம்மாவுடையது, ஏப்ரலில் எடுத்தது. இரண்டிலும் இரும்புதான் விஷயம்.

முதலில் அப்பாவுடையதைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். இந்த வரி. ஃபெரிட்டின் 486. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'ஹெச்', அதாவது அதிகம். ஆண்களுக்கு 300 வரை, சில லேபில் 400 வரை சரி என்று போடுவார்கள். அதே வாரம் எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தது. அப்பா குடிப்பவர் இல்லை. உட்கார்ந்த வேலை, மூன்று வேளையும் அரிசி, நாளுக்கு ஐந்து டீ, ஐந்திலும் சர்க்கரை.

அன்று ராத்திரியே வீட்டில் முடிவாகிவிட்டது. உடம்பில் இரும்பு ஏறிப்போச்சு, அதுதான் ஈரலைக் கெடுக்கிறது என்று. முருங்கைக்கீரை நின்றது, பேரீச்சம்பழம் நின்றது. எங்கள் பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல் ஒன்று உண்டு. தேய்ந்து தேய்ந்து நடுவில் லேசாகக் குழிந்து, கருப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். அம்மா அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

மார்ச்சில் ஈரல் மருத்துவரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் எங்கே?" நாங்கள் எடுக்கவே இல்லை.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பு இல்லை. இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். நெல்லுக்குக் குதிர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபெரிட்டினுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். ஆனால் ரத்தத்தில் நாம் அளப்பது குதிர்களை, உள்ளே கிடக்கும் நெல்லை இல்லை. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் குதிர் கூடும். கொரோனா சமயத்தில் ஃபெரிட்டின் ஏறியது என்று எத்தனை வீட்டில் பயந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அது இரும்பு கூடியதால் ஏறியது இல்லை, அழற்சியால் ஏறியது. கொழுப்பு படிந்த ஈரலிலும் மெதுவாக அழற்சி நடக்கும். அதனால் கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஃபெரிட்டின் கூடியிருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு இரும்பு அளவுக்கு மீறி இருப்பதில்லை.

அப்படியானால் நெல் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்த சாச்சுரேஷன். ரத்தத்தில் இரும்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டி டிரான்ஸ்ஃபெரின். அந்த வண்டியில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது நல்லது. பிறகு எடுத்துப் பார்த்ததில் அப்பாவுக்கு ரத்தத்தில் இரும்பு 92, வண்டியின் மொத்தக் கொள்ளளவு 310. வகுத்துப் பார்த்தால் 30 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 45-ஐத் தாண்டினால்தான் நிஜமாகவே இரும்பு சேர்கிறதா என்று மேலே தேட வேண்டும். வடக்கு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரம்பரையாக வரும் இரும்புச் சேர்க்கை நோய் ஒன்று உண்டு, அதற்குக் காரணமான மரபணுவை 1996-இல் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் அது அபூர்வம். ஆனாலும் 45-ஐத் தாண்டிய ரிப்போர்ட்டை மூடி வைக்காதீர்கள். ஈரலில் இரும்பு உண்மையிலேயே மிஞ்சினால் செல்லை அரித்துத் தழும்பு வரை கொண்டுபோய்விடும்.

"அப்படியென்றால் ரத்தம் எடுத்துவிட்டால் ஃபெரிட்டின் இறங்குமே?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் கொழுப்பு ஈரல் உள்ள 74 பேரை வைத்து ஆறு மாதம் அதைத்தான் பார்த்தார்கள், முடிவு 2015-இல் வந்தது. ரத்தம் எடுத்தவர்களுக்கு ஃபெரிட்டின் இறங்கியது, ஆனால் ஈரல் கொழுப்பில் மற்றவர்களைவிட முன்னேற்றம் இல்லை.

சரி, அப்பா என்னதான் செய்தார்? டீயில் சர்க்கரையை விட்டார். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினார். காலையில் 45 நிமிடம் நடை. 82 கிலோ ஆகஸ்டில் 76 ஆனது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலின் அழற்சியே தணிய வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இப்போது ஃபெரிட்டின் 310. கீரையை நிறுத்தியதால் இல்லை, அது மார்ச்சிலேயே தட்டுக்குத் திரும்பிவிட்டது.

இப்போது அம்மாவுடைய ரிப்போர்ட். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே எடுக்கிறேன். ஹீமோகுளோபின் 9.6. ஃபெரிட்டின் 8. இரண்டுமே குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே சமையல்தானே வீட்டில்? அப்பாவுக்கு நிறுத்திய கீரை அம்மாவுக்கும் நின்றுபோயிருக்கிறது. அதனால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு 47 வயது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், அதற்கும் இப்போது வைத்தியம் நடக்கிறது. ஆனால் ஏற்கெனவே காலியாக இருந்த உடம்பிலிருந்து இருந்ததையும் பிடுங்கியிருக்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்த 57 பேரில் ஒருவர் எங்கள் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவுக்கு இப்போது தினம் ஒரு இரும்பு மாத்திரை. எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொள்கிறார், டீ குடிக்க இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறார். டீயோடு போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. மலம் கருப்பாகப் போனது என்று ஒருநாள் பயந்துவிட்டார், அது மாத்திரையால் வருவதுதான் என்று மருத்துவர் சொன்னார்.

தோசைக்கல்லை நான்தான் பரணிலிருந்து இறக்கினேன். ஓரமெல்லாம் துரு. தேங்காய் நாரால் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் துடைத்து மூன்று நாள் பழக்கினோம். முதல் இரண்டு தோசை ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கிறோம், ரிப்போர்ட் வந்ததும் சொல்கிறேன்.