கடன் கொப்பியும் கடைச் சைக்கிளும்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தகரக் கூரை தெரிகிறதல்லவா? அதுதான் கடை. சைக்கிள் திருத்தும் கடை. தகப்பன், மகன், மகள் மூவருமாக நடத்துகிறார்கள். தொடங்கியவர் தகப்பனின் தகப்பன். பெயரும் முகமும் வேண்டாம் என்று தகப்பன், அதாவது ஐயா, கேட்டுக்கொண்டார். ஆகவே கைகளையும் சில்லுகளையும் மட்டும்தான் காட்டப் போகிறேன்.

கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகிறேன், பாருங்கள். இது பழைய ரலிச் சைக்கிள். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. யாரோ இரவில் பள்ளத்தில் விட்டிருக்கிறார், பின் றிம் நெளிந்துவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மகள் சில்லைச் சுற்றிவிடுகிறார். றிம்முக்கு அருகே ஒரு வெண்கட்டியை அசையாமல் பிடிக்கிறார். நெளிவு வரும் இடம் மட்டும் வெண்கட்டியில் உரசிக் கோடு வாங்கிக்கொண்டு போகிறது. கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைச் சற்றே தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சற்றே இறுக்குகிறார். ஒவ்வொரு தடவையும் கால் திருகுதான், அதற்கு மேல் இல்லை. அவசரப்பட்டு இறுக்கினால் இந்த நெளிவு போய் வேறோர் இடத்தில் கிளம்பிவிடுமாம். பிறகு கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் சுற்றிவிடுகிறார். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிவராது.

பெண்பிள்ளை ஏன் இந்த வேலை செய்கிறார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, கோயில் என்று எங்கும் சைக்கிளிலேயே போய்வந்த பெண்கள் உள்ள ஊர் இது. மிதிக்கத் தெரிந்தவருக்குத் திருத்தத் தெரிவதில் என்ன அதிசயம்?

இப்போது மதிலோடு சாத்தியிருக்கும் அந்தச் சைக்கிளைக் காட்டுகிறேன். மணி இல்லை, மட்காட் பாதி இல்லை, நிறம் என்னவென்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். அதன் பெயர் கடைச் சைக்கிள். உங்களுடைய வண்டியை முழுதாகக் கழற்றிக் கழுவிப் பூட்டக் கொடுத்தால் ஒரு நாளாவது கடையில் நிற்கும். அதுவரை வேலைக்கு எப்படிப் போவது? கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை இல்லை, கையெழுத்து இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதில் ஏறாதவர் குறைவு. எவருடைய படலையில் அது சாத்தியிருக்கிறதோ, அவருடைய வண்டி இங்கே கழற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை ஒருவர் அதைத் திருப்பிக் கொடுக்காமலே மாதக்கணக்கில் ஓடினாராம். ஐயா கோபிக்கவில்லை. திருத்தக் கொடுத்த அந்த ஆளின் சொந்தச் சைக்கிளைக் கடைச் சைக்கிளாக்கிவிட்டார்!

இந்தக் கடையின் பழைய கதையைச் சொல்லாமல் விடவும் முடியாது. 1990இல் மறுபடி சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில். மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றபடி எல்லாம் சைக்கிள்தான். நோயாளி, விறகு, வெங்காய மூட்டை, கல்யாண மாப்பிள்ளை, எல்லாம் கரியரிலும் பாரிலும் போயின. வெடித்த ரயருக்கு உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாராம் ஐயாவின் தகப்பன்.

டைனமோ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட் ஆடலோட்டம் (AC). ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (DC). இடையில், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட்டைப் பூட்டி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அந்த வயரைப் பூட்டிக் கொடுக்கும் வேலையும் இந்தக் கடைக்குத்தான் வந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கியதால், யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை ஓட்ட முடியவில்லை, உருட்டத்தான் முடிந்தது. ஐயா அப்போது இளைஞர். உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டுச் சைக்கிள் திருத்தும் சாவிப் பெட்டியைக் கரியரில் கட்டியதற்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கினாராம். பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் ஒரு மரத்தடியில் அந்தப் பெட்டிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. 1996இல் திரும்பி வந்தபோது கடையில் கூரை இல்லை.

பிறகு சமாதானம், லீசிங்கில் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி. கடை படுத்துவிட்டது. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நீண்டதும், தாழ்வாரங்களில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் இங்கே வந்து குவிந்தன. சாமான் விலை அதோடு ஏறியதுதான், பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. ஆனால் ஒட்டுப் போடும் கூலியைக் கூட்ட ஐயாவுக்கு மனம் வருவதில்லை. நான் இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கூட்ட வேண்டும் என்பதே என் எண்ணம். மகனும் அதைத்தான் சொல்கிறார். நெருஞ்சி முள் ஏறிய ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடமெல்லாம் தேடி, அரத்தாள் போட்டுச் சுரண்டி, சொலூசன் பசை காயும்வரை காத்திருந்து ஒட்டுகிறார்கள். அந்த நேரத்துக்குக் கிடைக்கும் காசில் இரண்டு பிளேன்ரீ குடித்தால் மிச்சம் இராது.

கடன் கொப்பியையும் மகள் காட்டினார். உள்ளே யாருக்கும் பெயர் இல்லை. “நீலச் சைக்கிள் ரீச்சர்”, “பப்பாசித் தோட்டத்து அண்ணை”, “பிரேக் இல்லாத தம்பி” என்றுதான் இருக்கிறது. சில கணக்குகளில் காசுக்குப் பதில் வெங்காயம், முருங்கைக்காய் என்று எழுதிக் கழித்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கே இல்லை. காற்றடிக்கும் பம் எப்போதும் வெளியில், யாரும் அடிக்கலாம்.

விடுமுறைக்கு வருகிற நம் உறவுகளுக்கு ஒரு சொல். வருகிறீர்கள், வாசலில் நின்று படம் எடுக்கிறீர்கள், கண் கலங்குகிறீர்கள். சந்தோஷம். ஆனால் இந்தக் கடையை உங்கள் ஞாபகம் நடத்துவதில்லை. ஒருவர் பழைய பெயர்ப்பலகையை வீட்டுச் சுவரில் மாட்ட விலைக்குக் கேட்டாராம். “திருத்த ஏதும் சைக்கிள் இருக்கிறதோ?” என்று மட்டும் ஐயா கேட்டாராம். ஊரில் இருக்கிற நாட்களுக்கு ஒரு பழைய சைக்கிளை எடுத்து ஓடுங்கள், இங்கே கொடுத்துத் திருத்துங்கள், கேட்ட கூலிக்கு மேலே கொஞ்சம் கொடுங்கள்.

கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டு. மாரி தொடங்கினால் வேலை குவிந்துவிடும்; கழுவிப் பூட்ட நினைப்பவர்கள் ஐப்பசிக்கு முன்னரே கொண்டுவந்து விடுங்கள். கொப்பியில் பழைய கணக்கு உள்ளவர்கள் அதற்கான காசையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.