ஐந்து விநாடி பேசாமல் இருந்து பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சிறப்பாசிரியர். ஒரு மாணவனுக்கு நான்கு மாதம் தவறாகக் கற்பித்தேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பத்து வயதுச் சிறுவன், அறிவுசார் குறைபாடு உள்ளவன். சொல் அட்டைகளை மேசையில் மூன்று மூன்றாகப் பரப்பி, "கதவு எது? பால் எது?" என்று கேட்பேன். சரியான அட்டையைத் தொடுவான். நாற்பது சொற்கள் தெரிந்துவிட்டன என்று மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதினேன். நான் விடுப்பில் இருந்த நாளில் வேறோர் ஆசிரியை அதே அட்டைகளை வைத்துக் கேட்டிருக்கிறார். ஒன்றைக்கூட அவனால் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

மறுநாள் அவனைக் கூர்ந்து கவனித்தேன். கை ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்தது. கண்கள் மட்டும் என் மேலேயே இருந்தன. சரியான அட்டைக்கு மேல் கை வந்தபோது என் புருவம் உயர்ந்தது. அங்கே நிறுத்திவிட்டான்.

இந்தப் பிள்ளைக்குக் கற்கும் திறன் இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒரு மனிதரின் புருவத்தைப் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றிருக்கிறான். சொற்களைக் கற்க அவனுக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

அறிவுசார் குறைபாடு என்றாலே பலருக்கும் ஓர் எண்தான் நினைவுக்கு வருகிறது. நுண்ணறிவு ஈவு (IQ) ஏறத்தாழ 70 அல்லது அதற்குக் கீழ் என்பது கணக்கின் ஒரு பாதிதான். பேசுவது, பழகுவது, உடுத்துவது, பணத்தைக் கையாள்வது போன்ற அன்றாடத் திறன்களிலும் குறை இருக்க வேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, குறைபாட்டின் தீவிரத்தை அந்த எண்ணை வைத்து வகுக்காமல் அன்றாடத் திறன்களை வைத்தே வகுக்கிறது. ஆசிரியருக்கு இது பெரிய விஷயம். எண்ணைப் பார்த்து நாளைக்கு என்ன பாடம் எடுப்பது? "சட்டைப் பொத்தான் போடத் தெரியும், மணி பார்க்கத் தெரியாது" என்று தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

'மன வயது' என்ற சொல்லும் எனக்குக் கோபத்தை வரவழைப்பது. பதினைந்து வயதுப் பெண்ணைச் சுட்டிக்காட்டி, "இவளுக்கு நான்கு வயது மனம்தான்" என்று அவள் காது கேட்கவே சொல்கிறார்கள். பிறகு வாத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கிறார்கள். அவள் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவள். தோழிகள், வெட்கம், கோபம் எல்லாம் அந்த வயதுக்கு உரியவை. எளிமையாகக் கொடுங்கள், ஆனால் அவள் வயதுக்கு ஏற்றதைக் கொடுங்கள். பேருந்து எண்களை வாசிப்பதும் எளிமையான பாடம்தான்.

இன்னொன்று. "நோட்டை எடு, பதினாறாம் பக்கத்தைத் திருப்பு, தேதி எழுது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இவர்களில் பலருக்கு, கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் பிடித்துவைப்பதே கடினம். கடைசிச் சொல் மட்டும் நிற்கிறது. அதைச் 'சொல் பேச்சு கேட்கவில்லை' என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், படத்தோடு காட்டுங்கள். டவுன் நோய்க்குறி (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள குழந்தை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. புரியவில்லை என்று நாம் நினைப்பது, சில நேரம் கேட்கவே இல்லை என்பதாக இருக்கும்.

சரி, என் மாணவனிடம் வருகிறேன். உதவி கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவியை எப்போது விலக்குவது என்பதையும் முதல் நாளே திட்டமிட வேண்டும். ஷூ கயிறு கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முழுவதும் கட்டிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் ஒரு சிறுமியிடம் விடுவேன். அவள் இழுத்ததும் முடிச்சு இறுகும். வேலை முடிந்தது, முடித்தது அவள். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. பின்னாலிருந்து முன்னோக்கிக் கற்பிக்கும் இந்த முறையில் ஒவ்வொரு முறையும் முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்குத்தான்.

அட்டைக்கும் ஒரு முறை உண்டு. தொடக்கத்தில் கேட்டவுடனே விடையைக் காட்டிவிட வேண்டும். சில நாள் கழித்து, கேட்டபின் ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் அவனே தொட்டால் நல்லது, இல்லாவிட்டால் காட்டலாம். ஐந்து விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் இருந்து பாருங்கள், வாய் தானாகத் திறந்துகொள்ளும். பொது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து உதவுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். பிள்ளையின் நோட்டு அழகாக நிரம்பியிருக்கும், எழுதியது உதவியாளர். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இலேயே, எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாக்கியது. நாற்காலி போட்டுக் கொடுத்ததோடு அந்த உரிமை நிறைவேறிவிடாது.

நான் இடத்தை மாற்றிக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, சில நாள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி விடையைக் காட்டினேன். பிறகு காத்திருக்கத் தொடங்கினேன். "பால் எது?" என்றதும் திரும்பி என் முகத்தைத் தேடினான். நான் அட்டைகளைப் பார்த்துக் குனிந்திருந்தேன். முன்பக்கம் திரும்பினான். மூன்று அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் அவற்றைப் பார்ப்பதை நான் பார்த்தது அன்றுதான். கை போய் 'பல்' அட்டையைத் தொட்டது. தவறான விடைதான். ஆனால் இரண்டு சொல்லும் 'ப' வடிவில்தான் தொடங்குகின்றன, கடைசி எழுத்தும் ஒன்று; துணைக்கால் மட்டுமே வேறு. அடுத்த நாள் பாடத்தை அந்தத் துணைக்காலிலிருந்து தொடங்கினேன்.