புது டயர் வாங்கப் போறீங்களா? முதல்ல பழைய டயரைத் தடவிப் பாருங்க!

(காருக்குள்ளே. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு.)

கேக்குதா? நான் பேசுறதை இல்லைங்க. எனக்குக் கீழ "ங்ஙொய்ய்ய்"ன்னு ஒண்ணு முனகுது பாருங்க, அதைச் சொல்றேன். ஏசி ஆஃப், பாட்டு ஆஃப், என்ஜின் அது பாட்டுக்கு அமைதியா ஓடிட்டு இருக்கு. ஆனா 60 தாண்டினா போதும், கூட ஒரு ஆள் உக்காந்து தம்புரா மீட்டுற மாதிரி இருக்கு. தினமும் தாம்பரத்துல இருந்து சிறுசேரி போயிட்டு வரேன். இந்தக் கச்சேரியை ஒரு வருஷமா ஓசியில கேட்டுட்டு இருக்கேன்.

இதுக்காக ஒரு மெக்கானிக்கிட்ட போனேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு "வீல் பியரிங் போச்சு சார்"ன்னாரு. சக்கரம் உரசாம சுத்துறதுக்கு நடுவுல இருக்குமே, அந்தப் பாகம். மாத்தியாச்சு, ரெண்டு பக்கமும். பில்லைக் கட்டிட்டு வெளியே வந்து நாலாவது கியர் போட்டேன். "ங்ஙொய்ய்ய்."

அதனால இன்னிக்கு: சத்தம் போடாத, பட்ஜெட்டுக்குள்ள அடங்குற, வெயிலுக்கும் மழைக்கும் தாங்குற டயரை எப்படிப் பாத்து வாங்குறது? வீடியோ பிடிச்சிருந்தா லைக் போடுங்க. பிடிக்கலைன்னா உங்க மச்சானுக்கு அனுப்புங்க.

முதல்ல அந்த "ஆல் சீசன்" விஷயத்தை முடிச்சிடலாம். ஆன்லைன்ல டயர் தேடுனா இந்த வார்த்தை வரும், கூடவே டயரோட பக்கவாட்டுல "எம் பிளஸ் எஸ்"னு போட்டிருக்கும். என்ன அர்த்தம் தெரியுமா? மட் பிளஸ் ஸ்னோ. சேறும் பனியும். வேளச்சேரியில சேறு இருக்கு, ஒத்துக்கறேன். பனி? இந்தப் பேரே பனி பெய்யுற நாடுகள்ல பிறந்தது. அங்க 7 டிகிரிக்குக் கீழ போனா சாதாரண ரப்பர் விறைச்சுப் போயிடும், அதனால குளிருக்குத் தனி டயர், வெயிலுக்குத் தனி டயர்னு ரெண்டு செட் வச்சிருப்பாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துறதுக்குச் சோம்பல்படுறவங்களுக்கு நடுவுல வந்த சமரசம்தான் ஆல் சீசன். நம்ம சென்னைக்கு 2003 மே மாசக் கடைசியில 45 டிகிரி அடிச்ச ஊருன்னு பேரு. நமக்கு ரெண்டே சீசன்தான், வெயில், அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. இங்க கடையில கிடைக்குற சாதாரண கார் டயர் எல்லாமே இந்த ரெண்டுக்கும் ஓடுறதுதான். அந்த வார்த்தைக்குன்னு ஒரு ரூபா கூடுதலா கொடுக்காதீங்க.

அளவு, சீக்கிரம் சொல்லிடறேன். 185/65 ஆர் 15 88 ஹெச். அகலம் 185 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச், 88னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், ஹெச்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அந்த வேகத்துல நீங்க போகப் போறதில்ல, போகவும் கூடாது. உங்க வண்டியோட டிரைவர் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல போட்டிருக்குற அளவையே வாங்குங்க. முடிஞ்சது.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். கொஞ்சம் நேரம் ஆகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

(டயர் கடை. கையில் ஒரு புது டயர்.)

இந்தப் பட்டன் தெரியுதா? டயர் கடையில பட்டன்னுதான் சொல்லுவாங்க, ரோட்டுல பதியுற இந்தக் கட்டை கட்டையான ரப்பரை. ஒவ்வொரு பட்டனும் ரோட்டுல "டப்"புன்னு ஒரு தட்டு தட்டும். ஒரு கணக்கு போடலாமா? என் டயர் ஒரு சுத்து சுத்துனா சுமாரா 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறோம். அப்போ செகண்டுக்குக் கிட்டத்தட்ட 11.4 சுத்து. டயரைச் சுத்தி ஒரு வரிசையில 70 பட்டன் இருக்குன்னு வைங்க. 70 பட்டன், 11.4 சுத்து, பெருக்குனா செகண்டுக்கு 800 தட்டு. 800 ஹெர்ட்ஸ்! அந்தக் காலத்துல டிவியில நிகழ்ச்சி இல்லாதப்போ கலர் பட்டை வச்சிட்டு "கீ..."ன்னு ஒரு சத்தம் வருமே, ஏறக்குறைய அந்த ரகம். எல்லாப் பட்டனும் ஒரே நீளத்துல இருந்தா உங்க கார் தினமும் அந்த "கீ"யை ஆபீஸ் வரைக்கும் பாடிட்டே வரும்.

அப்ப புது டயர் ஏன் பாடுறதில்ல? இங்க பாருங்க.

(ஸ்கேலை வைத்து அளக்கிறார்.)

இந்தப் பட்டன் 26 மில்லிமீட்டர். அடுத்தது 30. அதுக்கடுத்தது 28. திரும்ப 26. பாத்தா தெரியவே தெரியாது, ஆனா வேணும்னே மாத்தி மாத்தி அடுக்கியிருக்காங்க! கல்யாண மண்டபத்துல நூறு பேரு ஒரே தாளத்துல கை தட்டுனா எப்படி இருக்கும்? மண்டபமே அதிரும். அதே நூறு பேரு அவங்கவங்க இஷ்டத்துக்குத் தட்டுனா? மழை பெய்யுற மாதிரி "சோ"ன்னு இருக்கும். தட்டு எண்ணிக்கை அதேதான், ஆனா ஒரு சுருதியில சேராது. டயர் கம்பெனி இன்ஜினியர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பண்றது இதுதான்: எந்தப் பட்டனுக்கு அப்புறம் எந்தப் பட்டன் வந்தா தாளம் தப்பும்னு கண்டுபிடிக்கிறது. தாளம் தப்புறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே வேலை உலகத்துல இதுவாத்தான் இருக்கும். எனக்குக் கத்துக்கொடுத்த மிருதங்க வாத்தியார் கேட்டா அழுதுருவாரு.

இன்னொரு சத்தமும் இருக்கு. குழியில இறங்கும்போது "டொங்"னு ஒரு பானைச் சத்தம் வருதே, அது டயருக்குள்ள அடைபட்ட காத்து அதிருற சத்தம். நம்ம அளவு டயருக்கு 220 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். விலை கூடுன டயர்ல உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி இதை அடக்குவாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு அது வேணாம், பஞ்சர் கடைக்காரரும் ஸ்பாஞ்சைப் பாத்தா முறைப்பாரு.

அடுத்து ஒரு ஏமாத்து. ஏமாத்துன்னு சொல்லக்கூடாது, நாமளே ஏமாந்துக்குறது. ஐரோப்பாவுல டயர் மேல ஒரு லேபிள் ஒட்டணும், அதுல 68 டெசிபல், 71 டெசிபல்னு சத்தத்தைப் போட்டிருப்பாங்க. 3 டெசிபல் குறைஞ்சா ஒலியோட சக்தி பாதி, அதனால பெரிய வித்தியாசம்தான். நானும் அந்த நம்பரைப் பாத்துப் பாத்து எக்செல்லுல போட்டு வச்சிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அந்தச் சோதனையில என்ஜினை அணைச்சிட்டு வண்டியை 80ல உருள விட்டு, ரோட்டோட நடுக்கோட்டுல இருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வச்சு அளக்குறாங்க. வெளியில! அந்த நம்பர் உள்ளே உக்காந்திருக்குற உங்களுக்கு இல்ல, ரோட்டோரம் டீ குடிச்சிட்டு இருக்குறவருக்கு. எக்செல்லை அழிச்சிட்டேன்.

இப்ப தலைப்புல சொன்ன தடவல்.

(பழைய டயர் மேல் உள்ளங்கையை வைக்கிறார்.)

வண்டியை நிறுத்திட்டு, டயர் ஆறினதுக்கு அப்புறம், உள்ளங்கையை இப்படி முன்னாடி தள்ளுங்க. வழவழன்னு போகுதா? இப்ப பின்னாடி இழுங்க. "சரக் சரக்"குன்னு ரம்பப் பல்லு மாதிரி பிடிக்குதா? அதேமாதிரி இடமிருந்து வலமும் ஒரு தடவை. என் வண்டியில பின் டயர் ரெண்டும் இப்படித்தான் இருந்தது. பட்டனோட ஒரு முனை தேஞ்சு, இன்னொரு முனை தூக்கிட்டு நிக்குது. இன்ஜினியர் பொறுமையா கலைச்சு வச்ச தாளத்தை நான் ஒழுங்கா வீலை முன்னும் பின்னும் மாத்திப் போடாம, அலைன்மென்ட் பாக்காம, அதாவது சக்கரமெல்லாம் நேரா நிக்குதான்னு சரி பாக்காம, திரும்பச் சேத்து வச்சிருக்கேன். இந்த நிலையில தங்கத்துல டயர் வாங்கிப் போட்டாலும் கொஞ்ச நாள்ல அதுவும் பாடும். அதனால வரிசை இப்படி: அலைன்மென்ட், காத்து, அதுக்கப்புறம் டயர்.

பியரிங்கா டயரான்னு சந்தேகம்னா, ரோடு மாறும்போது கவனிங்க. டோல்கேட் பக்கத்துல தார் முடிஞ்சு காங்கிரீட் வருமே, அங்க சத்தத்தோட குரலே மாறுனா அது டயர். ரோடு எதுவா இருந்தாலும் அதே குரல், வளைவுல ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடுது குறையுதுன்னா பியரிங். இது எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் பில்லு மிச்சம்.

நைட்ரஜன் அடிக்கலாமான்னு கமெண்ட்ல கேப்பீங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதி 22க்குக் காசு கொடுக்குறது உங்க இஷ்டம்.

சரி, எதை வாங்குறது? நம்ம ஊரே டயர் ஊருதாங்க. 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பலூன் செஞ்சிட்டு இருந்த கம்பெனிதான் எம்ஆர்எஃப். ஒரகடத்துல அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர், சியட்னு சுத்தி அத்தனை ஃபேக்டரி. ஆனா பேரை விட்டுட்டு ரகத்தைப் பாருங்க. லட்சம் கிலோமீட்டர் ஓடும்னு விக்கிற டயர் ஒரு ரகம். சியட் "மைலேஸ்"னு பேருலயே மைலேஜ் வச்சிருக்காங்க, அப்போலோ "அமேசர் 4ஜி லைஃப்"ல லைஃப் இருக்கு. பொதுவா ரொம்ப நாள் உழைக்கிற ரப்பர் கொஞ்சம் கெட்டியா இருக்கும். டாக்ஸிக்கு அருமை. இன்னொரு கடைசியில மிஷெலின் "பிரைமசி 4 எஸ்டி", பிரிட்ஜ்ஸ்டோன் "டுரான்சா" மாதிரி சொகுசை முன்னாடி வச்சு விக்கிற ரகம். சத்தம் கம்மி, விலை ஜாஸ்தி. தினமும் அம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுற நமக்கு நடுவுல இருக்குற ரகம் போதும்ங்கிறது என் கருத்து. பக்கத்துல நிக்கிற கடைக்கார அண்ணன் தலையாட்டல, அவருக்கு மேல் ரகத்தை விக்கணும்.

பட்ஜெட்டுக்கு ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரியில்லாம 4,000 ரூபா டயர்னா முன்னாடி 5,120, இப்ப 4,720. நாலுக்கு 1,600 மிச்சம், அலைன்மென்ட், பேலன்சிங் (சக்கரத்தோட எடையைச் சமன் பண்றது) செலவுக்கு ஆச்சு. பழைய விலைப் பட்டியலைக் காட்டுனா கேளுங்க.

அப்புறம் பிறந்த தேதி. பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு நம்பர். 2325னா 2025ஆம் வருஷம் 23ஆவது வாரம். முந்தி ஒரு கடையில எனக்கு "ஆஃபர்"ல கொடுத்த டயரை வீட்டுல வந்து பாத்தா மூணு வயசு. புதுசுதான், போட்டதே இல்ல, ஆனா ரப்பர் விறைப்பா இருந்தது. சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். பில் போடுறதுக்கு முன்னாடி நாலு டயருக்கும் தனித்தனியா பாருங்க, மூணு புதுசும் ஒண்ணு கிழவனுமா வரும்.

ரெண்டுதான் வாங்க முடியும்னா, புதுசைப் பின்னாடி போடுங்க. ஆமா, பின்னாடி. முன் சக்கரம் இழுக்குற வண்டியா இருந்தாலும். மழைத் தண்ணியில முன் டயர் வழுக்குனா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா சமாளிக்கலாம். பின் டயர் வழுக்குனா வண்டி சுத்திடும். இதைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் இப்பதான் முதல் தடவை தலையாட்டுறாரு. பட்டனுக்கு நடுவுல இருக்குற பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தா சட்டப்படியே டயர் முடிஞ்சது, ஆனா நவம்பர் மழையில ஓட்டுறவங்க அதுவரைக்கும் காத்திருக்காதீங்க.

நான் எதை வாங்கினேன்? நடு ரகத்துல ஒரு செட். பேரைச் சொன்னா ஸ்பான்சர்னு சொல்லுவீங்க, சொல்லலைன்னா பயந்துட்டான்னு சொல்லுவீங்க. நூறு லைக் வந்தா, மேல பின் பண்ணி வைக்கிற கமெண்ட்ல போடறேன்.

(மறுபடியும் காருக்குள்ளே. அதே ரோடு.)

80ல போறேன். கேளுங்க... தம்புராக்காரர் இறங்கிட்டாரு. ஆனா இருங்க, பின்னாடி "கட கட கட"ன்னு ஒண்ணு... பூட்ல ஜாக்கி லூசா ஆடுதுங்க. இத்தனை நாளா ஆடிட்டுதான் இருந்திருக்கு போல.