டேனியல் பூன் குடும்பமும் கைக்கு நிற்காத நிலமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேறிகளில் அதிகம் பேசப்படுபவர் டேனியல் பூன். ரக்கூன் தோல் தொப்பியும் நீளத் துப்பாக்கியுமாகத்தான் அவரைப் படங்களில் காட்டுவார்கள். உண்மையில் அவருக்கு அந்தத் தொப்பி பிடிக்காது. அவர் போட்டது சாதாரண ஃபெல்ட் தொப்பி. அந்த வீரக் கதைகளை விட்டுவிட்டு, ஊரார் எல்லோருக்கும் நிலத்துக்கு வழிகாட்டிய அந்த மனிதருக்குச் சொந்த நிலம் ஏன் கடைசிவரை நிற்கவில்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர் பிறந்தது 1734-இல், பென்சில்வேனியாவில். அப்பா ஸ்கொயர் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்தவர். நெசவும் கொல்லு வேலையும் தெரிந்தவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தது. மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டார்கள். முதல் தடவை அப்பா மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது தடவை முடியாது என்றுவிட்டார். சபை அவரை விலக்கி வைத்தது. 1750-இல் மூட்டை கட்டிக்கொண்டு குடும்பம் தெற்கே கிளம்பி, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரையில் குடியேறியது.

அங்கேதான் 1756-இல் டேனியல், ரெபெக்கா பிரையனைக் கைப்பிடித்தார். பத்துப் பிள்ளைகள். டேனியல் மான் தோலுக்காக மாதக்கணக்கில் காட்டுக்குப் போய்விடுவார். 1769-இல் மலைகளுக்கு மேற்கே இருந்த கென்டக்கிக்குப் போனவர் திரும்பி வந்தது 1771-இல். அத்தனை காலமும் நிலத்தை உழுது, பிள்ளைகளைக் காப்பாற்றியது ரெபெக்கா. அனாதையாகிப் போன உறவுக்காரப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்தில் உண்மையான குடியேறி அவர்தான்.

கென்டக்கி ஆளில்லாத காடு அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷானி மக்களும் செரோக்கி மக்களும் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மண் அது. 1773-இல் பூன் குடும்பம் அங்கே முதல் தடவை குடியேறக் கிளம்பியபோது மூத்த மகன் ஜேம்ஸ் வழியிலேயே கொல்லப்பட்டான். பதினாறு வயது. கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரி செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் சரக்குகளைக் கொடுத்துப் பெரும் நிலப்பரப்பை எழுதி வாங்கினார். டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் அந்த விற்பனையை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஹெண்டர்சனுக்காகக் கம்பர்லாந்து கணவாய் வழியாக மரம் வெட்டிப் பாதை போட்டவர் பூன். பாதையின் முடிவில் பூன்ஸ்பரோ என்ற கோட்டைக் குடியிருப்பு எழுந்தது. அப்புறம், கென்டக்கி தன்னுடையது என்று சொல்லிவந்த வர்ஜீனியா அரசு அந்த விற்பனையே செல்லாது என்று அறிவித்தது. ஹெண்டர்சன் தரப்புக்கு ஈடாக இரண்டு லட்சம் ஏக்கர் கிடைத்தது. பாதை போட்டவருக்குச் சொல்லியிருந்த நிலம் வரவில்லை.

1778 பிப்ரவரியில் ப்ளூ லிக்ஸ் என்ற இடத்தில் உப்புக் காய்ச்சப் போன டேனியலையும் கூட்டாளிகளையும் ஷானி வீரர்கள் பிடித்தார்கள். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தன் மகனாகவே தத்தெடுத்து, ஷெல்டோவி, அதாவது பெரிய ஆமை, என்று பெயர் வைத்தார். பூன்ஸ்பரோவைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜூனில் தப்பி, நாலே நாளில் சுமார் 160 மைல் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடு காலி! அவர் செத்துவிட்டார் என்று நினைத்து ரெபெக்கா பிள்ளைகளோடு கரோலினாவுக்கே திரும்பியிருந்தார். மகள் ஜெமைமா மட்டும் கணவனோடு அங்கேயே தங்கியிருந்தாள். சொன்னபடியே ஷானி வீரர்கள் வந்து பூன்ஸ்பரோவை முற்றுகையிட்டார்கள். அதைத் தாக்குப்பிடித்த பிறகு, எதிரியோடு உறவு வைத்தார் என்று பூன் மீதே ராணுவ விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று விடுவித்து, பதவி உயர்வும் கொடுத்தார்கள். 1782-இல் அதே ப்ளூ லிக்ஸில் நடந்த சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேல், அப்பாவின் கண்முன்னாலேயே சுடப்பட்டு இறந்தான்.

சரி, நில விஷயத்துக்கு வருகிறேன். கென்டக்கியில் அரசே முன்கூட்டி அளந்து மனை பிரித்துக் கொடுக்கவில்லை. நீங்களே இடத்தைக் கண்டுபிடித்து, மரத்தில் அடையாளம் வெட்டி, சர்வேயரை வைத்து அளந்து பதிய வேண்டும். எல்லை என்ன? ஓர் ஓடை, ஒரு மரம். ஒரே இடத்துக்கு நாலைந்து பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். எல்லாமே வில்லங்கம். டேனியலே சர்வேயராக வேலை பார்த்தார். சில அளவைகள் சுமாரானவைதான். 1780-இல் ஊராருக்காக நில உரிமைச் சீட்டு வாங்க எடுத்துப்போன சுமார் இருபதாயிரம் டாலர், இரவில் தூங்கும்போது திருடு போனது. அந்தக் கடனைப் பல வருஷம் அடைத்தார். வழக்குகள் குவிந்தன, நிலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 1798-இல் சாட்சி சொல்ல வரவில்லை என்று அவர் மீது பிடிவாரண்டு பிறந்தது. அதே வருஷம் அதே கென்டக்கி ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது!

இதற்கெல்லாம் நடுவே அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். 1787-இல் ஏழு பேர் என்று பதிவு சொல்கிறது. சுதந்திர மனிதர் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

1799-இல் குடும்பத்தோடு மிசூரிக்குப் போனார். அப்போது அது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 850 ஏக்கர் கொடுத்தார்கள். வாய்ச்சொல்லை நம்பினாரே தவிர, பத்திரத்தை முறைப்படி உறுதி செய்யவில்லை. 1803-இல் அமெரிக்கா அந்தப் பகுதியை வாங்கியதும் அதுவும் போயிற்று. ரெபெக்கா 1813-இல் இறந்தார். அடுத்த வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை விற்றுக் கென்டக்கிக் கடன்களை அடைத்தார். 1820-இல், 85 வயதில், கடைசி மகன் நேதனின் கல்வீட்டில் காலமானார்.

இந்தக் குடும்பக் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைக்கக் காரணம் நேதனும் அவர் மனைவி ஆலிவும்தான். 1851-இல் லைமன் டிரேப்பர் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்போய், உட்காரவைத்துப் பேசச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அப்பா போட்ட தொப்பி எது என்பதுகூட நேதன் சொல்லித்தான் தெரியும். அதற்கு முன்பே, 1845-இல், கென்டக்கிக்காரர்கள் வந்து பூன், ரெபெக்கா இருவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துப்போய்த் தங்கள் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதைத்திருந்தார்கள். தவறான குழியைத் தோண்டினார்கள் என்கிறது மிசூரி. அந்த வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

நன்றி, வணக்கம்.