கேட்கும் உரிமையோடு புறப்படுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, பெற்றோர்களே, அயல்நாட்டில் உயர்கல்வி பெறப் புறப்படவிருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

எந்த நாட்டுக்குப் போகலாம், எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளோடு உங்களில் பலர் இந்த அரங்குக்கு வந்திருக்கக்கூடும். அவற்றின் விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். நாடுகள் தம் விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டும் வேறுபடும். எனவே அவற்றைவிட அடிப்படையான ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்கிற பலர், தமக்கு இடம் கொடுத்ததே பெரிது என்ற எண்ணத்தோடு செல்கிறார்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் நன்றியுணர்வு பெருகுகிறது. கேள்வி கேட்கும் துணிவு குறைந்துவிடுகிறது. பணம் கட்டும்போது கேட்பதில்லை, வகுப்பில் கேட்பதில்லை, துன்பம் வந்த பிறகும் கேட்பதில்லை. இப்படிச் சென்றவர்களுக்கு நேர்ந்த இன்னல்களில் நான் அறிந்தவற்றுள் பெரும்பாலானவை, உரிய நேரத்தில் உரியவரிடம் கேட்கப்படாமல் போன ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்கின.

அயல்நாட்டு மாணவர் தயவில் தங்கியிருக்கும் விருந்தாளி அல்லர் என்பதற்கு வரலாறே சான்று. 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனா நகரத்துக்கு ரோமானியச் சட்டம் படிக்க ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்நகரக் குடிமக்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு வெளியூராரான அவர்களுக்கு இல்லை. ஒருவர் கடனைத் திருப்பித் தராமல் போய்விட்டால், அவருடைய நாட்டிலிருந்து வந்த வேறொருவரைப் பிடித்து வசூலிக்கிற வழக்கம் அன்று இருந்தது. பேரரசர் பிரடெரிக் பார்பரோசா வழங்கி 1158-இல் உறுதிப்படுத்திய சாசனம், கல்வியின் பொருட்டுப் பயணம் செய்வோருக்குத் தீங்கு இழைக்கக் கூடாது என்றும், பிறர் பட்ட கடனுக்காக அவர்களைப் பிடிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. பின்னர் அம்மாணவர்கள் தத்தம் நாட்டின் பெயரால் சங்கங்களாகத் திரண்டார்கள். அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பே பொலோனாவில் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுத்தவர்கள் மாணவர்கள். பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினாலும், குறித்த நேரத்துக்கு மேல் நீட்டினாலும் ஆசிரியருக்கு அபராதம் விதித்தவர்களும் அவர்களே. மேலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் அயல்நாட்டு மாணவரின் உழைப்பும் உரிமைக் குரலும் இருக்கின்றன. இன்றைக்கு அவ்வளவு அதிகாரம் மாணவர்களுக்கு இல்லை என்றாலும், அந்த உரிமையின் ஒரு பகுதியாவது நமக்கு உண்டு என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

யுனெஸ்கோ கணக்கின்படி, 2000-ஆம் ஆண்டில் தம் நாட்டுக்கு வெளியே உயர்கல்வி பயின்றவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். 20 ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பெரிய கூட்டம் நகரும் இடத்தில் பணமும் நகர்கிறது; பணம் நகரும் இடத்தில் இடைத்தரகர்களும் பெருகுகிறார்கள். கனடாவில் 2023-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு செய்தி நினைவிருக்கலாம். போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு அந்நாட்டுக்குள் வந்திருந்த மாணவர்கள், பல ஆண்டுகள் கழித்து அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தம்முடைய கடிதம் போலி என்பதை அறிந்துகொண்டதாகக் கூறினார்கள். நாடு கடத்தப்படும் நிலை வரை சிலரின் வழக்கு சென்றது. உண்மையில் ஏமாற்றப்பட்டவர் யார், தெரிந்தே செய்தவர் யார் என்று ஆராய அரசு ஒரு சிறப்புக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதமும் உண்மையானதுதானா என்று கல்வி நிறுவனத்திடமே அரசு நேரடியாகக் கேட்டு உறுதிசெய்கிறது. அரசு இப்போது கேட்கும் அந்தக் கேள்வியை மாணவரும் முதல் நாளிலேயே கேட்டிருக்க முடியும்: பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்குத் தம் சொந்த முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். முகவர் கொடுத்த எண்ணையும் முகவரியையும் பயன்படுத்தாமல், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கே எழுத வேண்டும்.

நிறுவனம் உண்மையானதாக இருந்தாலும் படிப்பு உங்கள் நோக்கத்துக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. கனடாவில் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களிலும், எல்லாப் படிப்புகளிலும், படித்து முடித்தபின் வேலை செய்யும் அனுமதி கிடைத்துவிடாது. ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டு மாணவர்களுக்கு நடத்தப்படும் ஒவ்வொரு படிப்பும் கிரைகாஸ் என்னும் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும்; அந்தப் பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான நிறுவனம் உடனே கொடுக்கும். முகவருக்குச் சேர்க்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று கல்வி நிறுவனம் கொடுப்பது பரவலான நடைமுறை. அதனால் முகவர் அனைவரும் தீயவர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அவர் பரிந்துரைக்கும் நிறுவனங்களிலிருந்து அவருக்கு என்ன கிடைக்கிறது என்று முகத்துக்கு நேரே கேட்பதில் தவறே இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாவுக்காகக் காட்ட வேண்டிய தொகையை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். கனடா நெடுங்காலமாக 10,000 டாலர் என்று வைத்திருந்த வாழ்க்கைச் செலவுத் தொகையை 2024 ஜனவரியில் 20,635 டாலராக உயர்த்தியது. பழைய தொகையை நம்பி வந்த மாணவர்கள் வாடகைக்கே திண்டாடியதுதான் காரணம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் விதி வந்தது. அதிலிருந்து மாதத்துக்கு ஓர் அளவுதான் எடுக்க முடியும். பிரிட்டனுக்கு உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்களுக்காக மட்டும் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிற குடும்பங்களை நான் அறிவேன். விதி நிறைவேறிவிடுகிறது, பிள்ளை வெறுங்கையோடு விமானம் ஏறுகிறது. போய்ச் சேர்ந்த மறுவாரமே வேலை தேடி அலைகிற அந்த மாணவருக்கு வகுப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

அந்த வேலைக்கும் எல்லை உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடப்பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம். அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கவே கூடாது. இந்த எல்லையை மீறச் செய்துவிட்டு, பிறகு அதையே காட்டி மிரட்டிக் குறைந்த கூலி கொடுக்கிற முதலாளிகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். விசா போய்விடுமோ என்ற அச்சத்தில் மாணவர் வாய் திறப்பதில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில், குறைந்த கூலி பற்றி ஃபேர் வொர்க் என்னும் தொழிலாளர் நல அமைப்பிடம் முறையிட்டு ஒத்துழைக்கும் மாணவரின் விசாவை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொதுவாக ரத்து செய்வதில்லை என்று அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. இப்படி ஒரு வாசல் இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் ஊதியத்தை இழந்து போகிறார்கள். நீங்கள் செல்லும் நாட்டில் அந்த வாசல் எது என்பதை முதல் மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். நம்மில் பலர் ஆசிரியர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அதைத் தேர்வில் பிழையின்றித் திருப்பி எழுதிச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்கள். அந்தத் திறமையைக் குறைத்துப் பேச மாட்டேன். அதற்கு வேண்டிய உழைப்பு பெரியது. ஆனால் அங்கே முதல் கட்டுரை திருத்தப்பட்டு வரும்போது, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத பக்கத்தின் ஓரத்தில், “இதில் உன்னுடைய வாதம் எது?” என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். படித்த ஐந்து நூல்களின் கருத்தையும் ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்த மாணவருக்கு அந்த வரி பெரும் அதிர்ச்சி. அவர் அதைக் குற்றச்சாட்டாகப் படிக்கிறார். ஆசிரியரோ அதை அழைப்பாக எழுதியிருக்கிறார்.

அந்த அழைப்பை ஏற்க ஓர் இடமும் உண்டு. பேராசிரியரின் அறைக்கதவிலோ பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலோ, செவ்வாய்க்கிழமை இரண்டு முதல் மூன்று மணி வரை என்பதுபோல ஆபீஸ் அவர்ஸ் குறிக்கப்பட்டிருக்கும். அது மாணவருக்காகவே ஒதுக்கப்பட்ட நேரம். தவறு செய்தவரை வரவழைத்துக் கண்டிக்கும் நேரம் அன்று. அங்கே போய் “எனக்குப் புரியவில்லை” என்று மட்டும் சொன்னால் ஆசிரியரால் அதிகம் உதவ முடியாது. நூலின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, “இரண்டாம் பத்தியில் இவர் சொல்லும் முடிவு, கீழே உள்ள அட்டவணையோடு பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நான் எதைத் தவறவிட்டேன்?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பாடமும் தெளியும், உங்கள் பெயரும் அவர் நினைவில் நிற்கும். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுத அவருக்குச் செய்தி இருக்கும். மொழி தடுமாறுமே என்று தயங்க வேண்டாம். அயல்நாட்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிப் பழகிய ஆசிரியர்கள் உச்சரிப்பைப் பெரிதாக எண்ணுவதில்லை. கேள்வியின் உள்ளீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

கேட்கத் தயங்கும் மாணவர் வேறு வழிகளைத் தேடுகிறார் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். மேற்கோள் காட்டாமல் பிறர் எழுத்தைச் சேர்ப்பது, தன் கட்டுரையைக் காசு கொடுத்து எழுதி வாங்குவது ஆகியவை படிப்பையே பறித்துவிடக்கூடிய குற்றங்கள். கட்டுரை எழுதி விற்பதை ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் சட்டப்படி குற்றமாக்கின. எழுதிக் கொடுத்தவர்களே பின்னர் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டி மேலும் பணம் பறிப்பதும் உண்டு. கால நீட்டிப்பு வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும் என்கிற நிலையில்தான் பலரும் இந்தக் குழியில் விழுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தனிமையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபுல்பிரைட் என்னும் அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற நார்வே நாட்டவரை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற அறிஞர் 1955-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்தவர்களே மிகுதியாகத் துன்புற்றார்கள். எல்லோருடைய அனுபவமும் இந்தப் போக்கில் அடங்குவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் பெற்றோர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. முதல் மாதத்தில் நாள்தோறும் அழைத்து “சாப்பிட்டாயா, தூங்கினாயா” என்று விசாரிக்கிற நாம், பிள்ளை பழகிவிட்டது என்று நம்பி எட்டாம் மாதத்தில் அழைப்பைக் குறைத்துக்கொள்கிறோம். புதுமை தீர்ந்து, முதல் தேர்வு முடிவு வந்து, நண்பர்கள் தத்தம் வேலையில் மூழ்கிவிட்ட அந்தக் காலத்தில்தான் நம் குரல் அதிகம் தேவைப்படுகிறது. கல்விக் கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஒரு பாடத்தில் தோற்றுவிட்டதைப் பிள்ளை நம்மிடம் சொல்லாது. தோல்வியைச் சொல்லக்கூடிய இடமாக வீடு இருக்க வேண்டும் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாணவர் செலுத்தும் கட்டணத்திலேயே பெரும்பாலும் அச்சேவை அடங்கியிருக்கும். அங்கே செல்வதால் விசாவுக்கு இடையூறு வந்துவிடும் என்ற வதந்தியை நம்ப வேண்டாம். ஆனால் உடல்நலமோ மனநலமோ குன்றிப் பாடங்களைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தால், குறைப்பதற்கு முன்பே அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் அவருடைய முன் அனுமதி இல்லாமல் முழுநேரப் பாடச்சுமைக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். உரிய மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே கேட்டால் அனுமதி பெற வழி இருக்கிறது.

ஓர் அரசின் ஆணையைக்கூடக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 ஜூலை 6 அன்று, முழுக்க இணையவழியில் மட்டும் படிக்கும் அயல்நாட்டு மாணவர்கள் நாட்டில் தங்க முடியாது என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை அறிவித்தது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் இரண்டே நாளில் நீதிமன்றத்துக்குச் சென்றன. ஜூலை 14 அன்று அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எல்லா இடங்களிலும் இப்படி விரைவாக முடியவில்லை. 2020 மார்ச்சில் எல்லையை மூடிய ஆஸ்திரேலியாவுக்குள், வெளியே சிக்கியிருந்த மாணவர்களில் பெரும்பாலோர் 2021 டிசம்பர் வரை நுழைய முடியாமல், தம் அறைகளில் விட்டுவந்த பொருள்களைக்கூட எடுக்க இயலாமல் காத்திருந்தார்கள். ஆகவே நெருக்கடி வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, படிப்பைத் தள்ளிவைக்கலாமா என்பவற்றைச் சேர்க்கை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே படித்துக் கேட்டு வைப்பது நல்லது.

இறுதியாக, பட்டம் பெற்றபின் என்ன என்ற கேள்வி. மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், கட்டடக்கலை போன்ற துறைகளில் பட்டம் மட்டும் தொழில் செய்யும் உரிமையைத் தந்துவிடாது. எந்த நாட்டில் பணிபுரிய விரும்புகிறீர்களோ அந்த நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்பு அப்பட்டத்தை ஏற்க வேண்டும், பல நேரங்களில் தனித் தேர்வும் எழுத வேண்டும். இதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டால் போதாது. முகவரிடம் கேட்பதில் பயனே இல்லை. உரிமம் வழங்கும் அமைப்புக்கே நேரடியாக எழுதி, கல்வி நிறுவனத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் சேரும் ஆண்டையும் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு அந்தப் பதிலால் செய்யக்கூடியது குறைவு. ஆகவே விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.